ஊசிப் பேனா பீரோவில், பிள்ளை பள்ளியில்!

வழக்கமாக இந்தப் பகுதியில் சம்பளம், வேலை நேரம், வீட்டுப் பிரச்சினை என்றுதான் எழுதி வருகிறோம். இந்த வாரம் பிள்ளைகளின் உயிரைப் பற்றி எழுதுகிறோம். பத்திரிகை வாங்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு நாம் சிங்கப்பூர் போயிருந்தோம். சங்க வேலை ஒன்றுமில்லை. நம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து அங்கே வாழ்க்கைப்பட்ட பெண் ஒருத்தி இருக்கிறாள். உறவு முறையில் நமக்குத் தங்கச்சி. "அண்ணே, பிள்ளைங்களுக்குத் துணி எடுக்கணும்னு சொன்னீங்களே, தேக்காவுக்கு வந்திடுங்க" என்று கூப்பிட்டாள். ஜொகூர்ப் பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்று போய்ச் சேர்ந்தோம்.

தங்கச்சிக்கு ஆறு வயதில் ஒரு பையன். துறுதுறுவென்று இருப்பான். அவனுக்குக் கச்சான் ஆகாது, முட்டையும் ஆகாது. போதாக்குறைக்கு ஆஸ்துமாவும் உண்டு. அவன் போகிற இடமெல்லாம் ஒரு சிவப்புப் பை கூடவே போகும். நாம் அதைப் பார்த்து, "என்னம்மா, பையனுக்குச் சம்பளப் பை மாதிரி கட்டி விட்டிருக்கே?" என்று கேலி கூடச் செய்தோம். அவள் சிரித்துக்கொண்டே, "சம்பளம் போனா அடுத்த மாசம் வரும் அண்ணே, இது அப்படியில்ல" என்றாள்.

அஞ்சடியில் நடந்தது

சாயங்காலம் சிராங்கூன் சாலையில் நல்ல கூட்டம். மேலே அலங்கார விளக்கு, கீழே துணிக்கடையும் பூக்கடையும் பலகாரக் கடையும். தேக்கா சந்தைப் பக்கம் அஞ்சடியில் ஒரு கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். அங்கே சாமான் வாங்க வந்த ஒரு பாட்டியம்மா பையனின் கன்னத்தைத் தடவி, "ராசா மாதிரி இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே தன் கையில் இருந்த உருண்டையில் கொஞ்சம் கிள்ளி அவன் வாயில் ஊட்டிவிட்டார். அது எள்ளுருண்டை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதில் கச்சானும் இடித்துக் கலந்திருந்தது. அவர்மேல் குற்றமில்லை. பிள்ளையைக் கண்டால் வாயில் எதையாவது கொடுப்பது நம் இனத்துப் பழக்கம், அது பாசம்.

பையன் பாதியைத் துப்பிவிட்டான். பாதி உள்ளே போய்விட்டது. ஐந்து நிமிடம்கூட இருக்காது. உதட்டைச் சொறிந்தான். கழுத்தில் கொசு கடித்ததுபோலத் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. பிறகு இருமல். "அம்மா" என்று கூப்பிட்டான், அந்தக் குரல் அவன் குரலாக இல்லை. தொண்டை கட்டியதுபோல இருந்தது. அடுத்த நொடி வாந்தி எடுத்தான்.

நாம் பதறிப்போனோம். நாம் நின்ற இடத்திலிருந்து சாலையைக் கடந்தால் புக்கிட் தீமா சாலையில் பெரிய ஆஸ்பத்திரி. கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். கெர்பாவ் என்றால் எருமை, கண்டாங் என்றால் தொழுவம். அந்தக் காலத்தில் அந்த வட்டாரமே மாட்டுக் கொட்டகைகள் இருந்த இடம். 1924-ஆம் ஆண்டில் அது பிரசவ ஆஸ்பத்திரி ஆனது. 1966-இல் ஒரே ஆண்டில் 39,835 பிள்ளைகள் அங்கே பிறந்து உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. 1997-இல் புதிய கட்டடத்துக்கு மாறி, இன்று கேகே மகளிர், சிறார் மருத்துவமனை என்று பெயர் பெற்று நிற்கிறது.

அவ்வளவு பெரிய பிள்ளைகள் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறென்ன யோசனை? "தூக்கிக்கிட்டு ஓடிடலாம் வாம்மா!" என்று பையனைத் தூக்கக் குனிந்தோம்.

"தூக்காதீங்க அண்ணே! நடக்கவும் விடாதீங்க!" என்று ஓர் அதட்டல் போட்டாள் தங்கச்சி. சின்ன வயதில் நம்மிடம் தலை நிமிர்ந்து பேசாத பெண். அந்த அதட்டலில் நாம் அப்படியே நின்றுவிட்டோம்.

அவள் அஞ்சடியிலேயே உட்கார்ந்தாள். பையனுக்கு மூச்சு வாங்கியதால் முழுதாகப் படுக்க வைக்காமல், காலை நீட்டி, முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். சிவப்புப் பையிலிருந்து பேனா போன்ற ஒன்றை எடுத்தாள். நீல மூடியை இழுத்தாள். ஆரஞ்சு நிற முனையை, கால் சட்டைக்கு மேலாகவே, தொடையின் வெளிப்பக்கம் நடுவில் வைத்து 'டக்' என்று சத்தம் கேட்கும்படி அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு எடுத்தாள். "அண்ணே, 995-க்குப் போன் போடுங்க. பிள்ளைக்குக் கடுமையான அலர்ஜி, அட்ரினலின் ஊசி போட்டாச்சுன்னு சொல்லுங்க. மணி என்னன்னு பார்த்து வைங்க" என்றாள்.

பிறகுதான் நீல நிறப் பம்பை எடுத்து, பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, அவன் மூச்சு இழுக்க இழுக்க மருந்து கொடுத்தாள். இரண்டாவது பேனாவையும் எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்தும் சரிப்படாவிட்டால் அதையும் போட வேண்டுமாம். அதற்குத் தேவை வரவில்லை. நாலைந்து நிமிடத்தில் இருமல் தணிந்து, முகத்தில் இரத்தம் ஓடியது. அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி உடம்பெல்லாம் தடித்தது. டாக்டர்கள் பக்கத்தில் இருந்ததால் பயமில்லை. ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள்.

அன்றிரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து நாம் யோசித்தோம். ஆஸ்பத்திரி கண்ணுக்கு எதிரே நிற்கிற இடத்திலேயே அந்தத் தாய் முதலில் ஊசியைப் போட்டாள், பிறகுதான் ஆஸ்பத்திரி. அப்படியென்றால் முப்பது, நாற்பது மைல் செம்மண் பாதையில் போக வேண்டிய நம் தோட்டத்துப் பிள்ளையின் கதி என்ன?

நாலாம் வகுப்புத் தோழி

நமக்கு ஒரு பழைய நினைவு வந்தது. தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்புப் படித்தபோது நம்மோடு ஒரே பலகையில் உட்கார்ந்த பெண் ஒருத்தி. இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும் என்று சொல்லுவாள். ஒரு நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவள் முகம் வீங்கி, மூச்சு முட்டிக் கீழே விழுந்தாள். காத்துக் கருப்பு என்று சொல்லி மந்திரித்தார்கள். இஞ்சிச் சாறு ஊற்றினார்கள். அரை மணி நேரம் கழித்து, அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்துக் கொண்டு போனார். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "ஆயுசு அவ்வளவுதான்" என்றார்கள் பெரியவர்கள். நாமும் அப்படித்தான் நம்பியிருந்தோம். அந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்பது முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, சிங்கப்பூர் அஞ்சடியில்தான் நமக்கு விளங்கியது.

உடம்பில் நடப்பது என்ன?

நம் உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள். நோய்க் கிருமி வந்தால் எதிர்த்து அடிப்பது அவர்கள் வேலை. சில பிள்ளைகளுக்கு இந்தக் காவல், கச்சானையோ இறாலையோ எதிரி என்று எண்ணிக்கொண்டு முழு வேகத்தில் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சண்டையில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து நீர் கசியும். இரத்த அழுத்தம் இறங்கும். தொண்டையும் மூச்சுக் குழாயும் வீங்கி அடைபடும். 1902-இல் சார்ல்ஸ் ரிஷே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளியும் இதற்கு 'அனபிலாக்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். நம் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியே இதைச் சுரக்கிறது. 1901-இல் தாக்கமினே என்ற ஜப்பானியர் இதைத் தனியே பிரித்தெடுத்தார். தளர்ந்த இரத்தக் குழாயை இறுக்கும், அடைத்த மூச்சுக் குழாயைத் திறக்கும், இருதயத்துக்குத் தெம்பு கொடுக்கும். தாய்மார்களும் போடும்படி 1980-களின் கடைசியில் பேனா வடிவில் வந்ததுதான் 'எப்பிபென்' என்ற ஊசி. பொதுவாக 15 முதல் 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 0.15 மில்லிகிராம் பேனாவும், அதற்கு மேல் 0.3 மில்லிகிராம் பேனாவும் கொடுப்பார்கள். எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"அரிப்பு மாத்திரை கொடுத்தாப் போதாதா?" என்று தங்கச்சியைக் கேட்டோம். "தடிப்புக்கும் அரிப்புக்கும் அது சரி அண்ணே. தொண்டை அடைக்கிறதை அது திறக்காது. மாத்திரையைக் கொடுத்துட்டுப் பார்த்துக்கிட்டிருந்தா நேரம்தான் போகும்" என்றாள்.

பிள்ளையைத் தூக்கி நிறுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் நேரத்தில் நிமிர்த்தினால் இரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி, இருதயத்துக்குத் திரும்பி வராமல் போகும். திடீரென்று உயிரே போய்விடும் ஆபத்து உண்டு. மயக்கமாக இருந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு திணறினால் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார வையுங்கள். மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்துக் கொண்டு போகிற நம் வழக்கம் இந்த நோய்க்கு ஆகவே ஆகாது. கார் கிடைத்தால் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டு போங்கள்.

பீரோவில் பூட்டிய கதை

இந்தத் தங்கச்சி எல்லாம் தெரிந்துகொண்டு பிறந்தவள் அல்ல. பையனுக்கு மூன்று வயதில் ஒரு விருந்துச் சாப்பாட்டில் முதன்முதலாக வந்தது. "இதுல கச்சான் இல்லம்மா" என்று பரிமாறியவர் சத்தியம் பண்ணிய சட்னியில் கச்சான் இருந்தது. அன்று பிழைத்தது தெய்வச் செயல். அதன் பிறகுதான் டாக்டரிடம் காட்டி, சோதித்து, பேனா வாங்கினார்கள்.

பேனாவின் விலை கையைக் கடிக்கும். பையனின் அப்பாயி பார்த்தார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பிள்ளை தொலைத்துவிடுவானே என்று, பத்திரமாகப் பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டிவிட்டார். பையன் பாலர் பள்ளிக்குப் போய்விட்டான். மத்தியானம்தான் தங்கச்சிக்கு விஷயம் தெரிந்தது. வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திறந்து, டாக்சி பிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. "அந்த டாக்சியில நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும் அண்ணே. அத்தையைத் திட்ட எனக்கு வாய் வரல. பேரன் மேல உள்ள ஆசையிலதானே செஞ்சாங்க" என்றாள்.

அன்றைக்கே அவள் ஒரு முடிவு எடுத்தாள். தனக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்று, ஊசியில்லாத பயிற்சிப் பேனா ஒன்றை வாங்கி வந்தாள். மாமியார், கணவர், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எதிர் வீட்டுச் சீனத் தாத்தா எல்லாரையும் உட்கார வைத்துத் தொடையில் அழுத்தப் பழக்கினாள். பள்ளியில் ஆசிரியைக்கும் காட்டினாள். இன்றைக்கு அந்த அப்பாயிதான் காலையில் வாசலில் நின்று, "பை எங்கடா?" என்று கேட்கிறார். பை இல்லாமல் பேரன் படி இறங்க முடியாது.

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று நாம் பார்த்தோம். இரண்டு பேனா, நீலப் பம்பு, குழாய், அரிப்பு மருந்து, ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் பையனின் படம், எது எது ஆகாது, என்ன அறிகுறி வந்தால் என்ன செய்வது, அப்பா அம்மா போன் எண் எல்லாம் டாக்டர் கையெழுத்தோடு இருக்கிறது. வீட்டு நாட்காட்டியில் பேனாக்கள் காலாவதியாகும் மாதத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாள். இது சின்ன விஷயம் அல்ல. 2017-இல் லண்டனில் 13 வயது மாணவன் ஒருவன் பள்ளியிலே பாலாடைக்கட்டி உடம்பில் பட்டு ஒவ்வாமை வந்து உயிரிழந்தான். அங்கே எடுத்துப் போட்ட ஊசி காலாவதியானது என்று விசாரணையில் தெரிந்தது. பேனாவை வெயிலிலும் வண்டிக் கூடையிலும் வைக்கக் கூடாது. ஐஸ் பெட்டியிலும் வைக்கக் கூடாது. வீட்டில் நிழலான, கைக்கு எட்டும் இடம் போதும்.

எந்தச் சாப்பாட்டில் எது ஒளிந்திருக்கிறது?

1999-இல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில், பிள்ளைகளுக்குக் கடுமையான உணவு ஒவ்வாமையை உண்டாக்கியதில் முதலிடம் பறவைக் கூட்டுக்கு, 27 விழுக்காடு. அடுத்து இறால், நண்டு வகை 24 விழுக்காடு. சீனக் குடும்பங்களில் பிள்ளைக்குப் பலம் என்று பறவைக் கூடு கொடுப்பது வழக்கம். 2005 முதல் 2009 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தபோது கச்சான் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

கச்சான் விற்பது நம் ஆட்களின் பழைய தொழில். சிங்கப்பூரில் சினிமாக் கொட்டகை வாசலில் கச்சாங் பூத்தே பொட்டலம் கட்டி விற்றவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கச்சான் கெட்ட பொருள் அல்ல, ஏழைக்கு நல்ல சத்து. ஆகாத பிள்ளைக்கு மட்டும் அது நஞ்சு.

நம் பிள்ளைகள் காலையில் தின்னும் நாசி லெமாக்கில் நெத்திலியோடு கச்சானும் இருக்கும். சாத்தே குழம்பு, ரோஜாக், கடலை மிட்டாய், மிக்சர், சில கடைச் சட்னி எல்லாவற்றிலும் உண்டு. இறால் ஆகாதவர்களுக்குச் சம்பலில் போடும் பிளச்சானே போதும். கேக்கில் முட்டை, கேசரியில் முந்திரி, பால் ஆகாதவனுக்கு நெய். கச்சான் எடுத்த கரண்டியால் மற்றதைக் கிண்டினாலும், கச்சான் பொரித்த எண்ணெயில் வடை சுட்டாலும் ஆபத்துத்தான். அதனால் தங்கச்சி கடையில் மூன்று கேள்வி கேட்பாள். இதில் கச்சான் உண்டா? அதே எண்ணெயில் கச்சான் பொரித்தீர்களா? அதே கரண்டியா? பதில் தடுமாறினால் வாங்க மாட்டாள்.

சிங்கப்பூரில் பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் ஒவ்வாமை தரும் எட்டு வகைப் பொருள்கள் இருந்தால் அட்டையில் எழுதியாக வேண்டும் என்பது விதி. கோதுமை போன்ற தானியம், இறால் நண்டு, முட்டை, மீன், கச்சான் சோயா, பால், பாதாம் முந்திரி போன்ற கொட்டைகள், சல்பைட் உப்பு ஆகியவை அவை. நம் நாட்டுப் பொட்டலங்களில் மலாயில் எழுதியிருக்கும். கச்சாங் தானா, தெலோர், சூசூ, ஊடாங், ஈக்கான் என்ற சொற்களைப் பிள்ளைக்கே படிக்கச் சொல்லிக் கொடுங்கள். தன் உயிரைத் தானே காக்க அவன் படிக்கும் முதல் பாடம் அது.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் கச்சானை நிறுத்திவிடாதீர்கள். ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்குக்கூட, ஒரு வயதுக்குள் டாக்டர் மேற்பார்வையில் கச்சானைக் கொடுக்கத் தொடங்கினால் ஒவ்வாமை வருவது 80 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்று 2015-இல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. கடுமையான சொறி உள்ள குழந்தையாக இருந்தால் கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள். முழுக் கச்சானை மட்டும் சின்னக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், மூச்சுக் குழாயில் சிக்கிக்கொள்ளும்.

ஆஸ்துமா இருந்தால் ஆபத்து இரட்டிப்பு

உணவு ஒவ்வாமையோடு ஆஸ்துமாவும் உள்ள பிள்ளைக்குத்தான் உயிர் ஆபத்து அதிகம். உலகத்தில் 2019-இல் 26 கோடிப் பேருக்கு மேல் ஆஸ்துமா இருந்தது. அந்த ஓராண்டில் நாலரை லட்சம் பேர் அதனால் இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பம்பில் இரண்டு வகை. நீலப் பம்பு மூச்சிளைப்பு வந்தவுடன் குழாயைத் திறப்பதற்கு. இன்னொன்று தினமும் போட வேண்டிய தடுப்புப் பம்பு. நம் ஆட்கள் செய்யும் தவறு, பிள்ளை நாலு நாள் நன்றாக ஓடியாடினால் தடுப்புப் பம்பை நிறுத்திவிடுவது. "பழகிப் போயிடும்" என்று பயம். அது பழகிப் போகிற மருந்து அல்ல. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். போட்டபின் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நீலப் பம்பு போடும்போது குழாய் வைத்து, ஒரு தடவை அழுத்தி ஆறு மூச்சு, பிறகு அடுத்த தடவை. எத்தனை தடவை என்பது டாக்டர் எழுதிய காகிதத்தில் இருக்கும்.

புகை இதற்குப் பெரிய எதிரி. விறகடுப்பு, கொசுவத்தி, சாம்பிராணி, அப்பாவின் சிகரெட் எல்லாமே புகைதான். சுமத்திராவில் காடு எரிந்த புகை வந்து 2013 ஜூன் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-க்கு மேல் போனாலே அபாயம் என்று கணக்கு. அன்று ஜொகூர்த் தோட்டங்களிலும் நாம் அதே புகையைத்தான் குடித்தோம். அப்படிப்பட்ட நாளில் ஆஸ்துமாப் பிள்ளையை வெளியே விடாதீர்கள்.

ஒன்றை மனதில் எழுதி வையுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சாப்பிட்டபின் திடீரென்று மூச்சு வாங்கினால், இது ஆஸ்துமாவா அலர்ஜியா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டாம். முதலில் ஊசி, பிறகு பம்பு. தடிப்பு இல்லாமலும் வரும். தேவையில்லாமல் ஒரு தடவை போட்டுவிட்டாலும் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பிறகு அடங்கிவிடும். தேவையான நேரத்தில் போடாமல் விட்டால் பிள்ளை திரும்பி வராது.

நம் தோட்டத்தில் என்ன செய்யலாம்?

"சிங்கப்பூரில் எல்லாம் நடக்கும், நமக்கு எங்கே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

முதலாவது, எதையாவது தின்று தடிப்போ வாந்தியோ மூச்சிளைப்போ ஒரு தடவை வந்த பிள்ளையை அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். பேனா பற்றியும் அங்கே கேளுங்கள். "அது சின்ன அலர்ஜி" என்று விட்டுவிடாதீர்கள். முதல் தடவை லேசாக வந்தது, அடுத்த தடவை கடுமையாக வரலாம்.

இரண்டாவது, பேனா வாங்க முடியாத இடத்தில் அட்ரினலின் மருந்துக் குப்பி எந்தக் கிளினிக்கில் இருக்கிறது, இரவில் யார் கதவைத் திறப்பார் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். தோட்டக் கிளினிக் உள்ள இடத்தில் டிரெஸரிடம் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியருக்கும், சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மாவுக்கும், ஆயாக் கொட்டகை ஆயாவுக்கும், பள்ளி வேன் ஓட்டுநருக்கும் சொல்லி வையுங்கள். பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று மறைக்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் அவனைக் கச்சான் காட்டிக் கேலி செய்தால் அது விளையாட்டு அல்ல என்று வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

நான்காவது, இது சங்கத்தின் வேலை. தொழிலாளர்களின் வீட்டு வசதி, பிள்ளைக் காப்பகம், மருத்துவ வசதி பற்றிய 446-ஆம் சட்டம் 1990-இல் வந்தது. கிளை கூட்டத்தில் மூன்று கோரிக்கையை எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். தோட்டக் கிளினிக்கில் காலாவதியாகாத அட்ரினலின் இருக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். ஆயாவுக்கும் மண்டோருக்கும் முதலுதவிப் பயிற்சி வேண்டும். சம்பளத்துக்கு மேசையில் பேசுகிற நாம் பிள்ளை உயிருக்கும் பேச வேண்டாமா? நம் நாட்டில் அவசர எண் 999. இந்தத் தோட்டத்துக்கு எந்த வழியாக வர வேண்டும் என்று மலாயில் சொல்ல வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

விபூதி பூசுகிறவர்கள் பூசுங்கள். வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஊசியைப் போட்டுவிட்டு, அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு பூசுங்கள்.

நாம் ஊர் திரும்பும்போது தங்கச்சி அந்தப் பயிற்சிப் பேனாவை நம் கையில் கொடுத்து, "எனக்கு வேற வாங்கிக்கிறேன் அண்ணே, இதை நம்ம தோட்டத்துக்குக் கொண்டு போங்க" என்றாள். அது இப்போது நம் சங்க அலுவலக மேசையில் இருக்கிறது. பூட்டி வைக்கவில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் வந்து தொடையில் அழுத்திப் பழகிப் பாருங்கள். போன வாரம் முதலில் வந்து பழகியவர், நம் நாலாம் வகுப்புத் தோழியின் தாயார். அவருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். ஒன்றும் பேசவில்லை. மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார்.